கம்ஃபர்ட்டுக்கு நான் கட்டிய கோட்டை

நான் பொய் சொன்னேன். ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு இல்லாத பிறப்பைக் கற்பித்தேன். அந்தப் பொய்யைக் காப்பாற்றிக்கொள்ள, என் கணவரின் நெருங்கிய நண்பரை அவரிடமிருந்து பிரித்தேன். யாரிடமும் சொன்னதில்லை... உங்களிடம் சொல்கிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். மாதுங்காவில் ஓர் அறையும் சமையற்கட்டுமாக எங்கள் குடித்தனம். அவர் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. நான் கல்லூரியில் ஆங்கிலம் படித்தவள். எந்தச் சொல்லில் சந்தேகம் வந்தாலும் என்னைத்தான் கேட்பார்.

ஒருநாள் அவருடைய ஆபீசுக்குத் தந்தி வந்தது. ஊரில் அவருடைய அப்பா இறந்துவிட்டார். தந்தி வந்து சேர்வதற்குள் தம்பி கொள்ளி வைத்தாகிவிட்டது. வெள்ளைக்கார மேனேஜர் தோளைத் தொட்டு, "டேக் கம்ஃபர்ட்" என்றாராம். வீட்டுக்கு வந்தவர் அழவில்லை. காபியைத் தொடவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"கம்ஃபர்ட்னா சௌகரியம்தானே லலிதா? அப்பா போயிட்டார், நீ சௌகரியமா இருன்னு சொல்றானா?"

ஆறுதல் என்றும் பொருளுண்டு என்று சொல்லியிருக்கலாம். அந்த முகத்துக்கு அது போதாதென்று தோன்றியது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். 'கம்' என்றால் வா, 'ஃபோர்ட்' என்றால் கோட்டை. பகைவர் படையெடுத்து வரும்போது, வெளியே தவிக்கும் சனங்களைக் காவலர்கள் அப்படித்தான் கூவி அழைப்பார்கள். அதுவே நாளடைவில் ஒரே சொல்லாயிற்று என்றேன்.

என் மடியில் முகம் புதைத்து அழுதார்.

அந்தப் பொய்யா பாவம்? இல்லை... இன்றும் இல்லையென்றே சொல்வேன். பாவம் பிறகுதான் வந்தது.

செல்வராஜ் அதே ஆபீசில் டைப்பிஸ்ட். திருநெல்வேலிக்காரர். தாராவியிலிருந்து ஞாயிறுதோறும் நடந்தே வருவார், எங்களோடு சாப்பிடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவர் அந்தக் கோட்டைக் கதையை அவருக்குப் பெருமையோடு சொன்னார். செல்வராஜ் தயங்கினார். தம் பள்ளியில் பாதிரியார் கொஞ்சம் லத்தீன் சொல்லிக் கொடுத்ததாகச் சொன்னார்.

"ஃபோர்ட்டிஸ்னா பலம், அண்ணாச்சி. பலம் கொடுக்கதுதான் கம்ஃபர்ட். கோட்டைக்கும் அதே வேர்தான். ஆனா அதுல 'வா'ங்கிறது கெடையாது."

கணவர் என்னைப் பார்த்தார். "நீ சொல்லு லலிதா."

ஒரு சிரிப்பு போதும், உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? அவர் அழுத அழுகை பொய்யாகிவிடும் என்றா? இல்லை, அது நான் எனக்குச் சொல்லிக்கொண்ட சாக்கு. அவர் கண்ணில் நான் சிறுத்துப்போவேனே... அந்தப் பயம்!

"காலேஜ்ல அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க" என்றேன்.

என் மனைவியைப் பொய்க்காரி என்கிறாயா என்று கணவர் குரல் உயர்த்தினார். செல்வராஜ் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். பிறகு வரவில்லை. சீக்கிரமே வேலையும் மாறிவிட்டார். அகராதியைப் புரட்டிப் பார்த்தேன். அவர் சொன்னதே சரி.

சில மாதங்கள் கழித்து மாதுங்கா மார்க்கெட்டில் அவரே எதிரே வந்தார்.

"அண்ணாச்சிக்கு இன்னும் கோவம் ஆறலையா, மதினி?"

கோபமா? ஞாயிறு வந்தால் என் கணவர் ஜன்னலை விட்டு நகருவதில்லை. அவசரப்பட்டுவிட்டேன் என்று புலம்பாத வாரமில்லை. ஆனால் இவர் வந்தால் அந்தப் பேச்சும் கூடவே வரும்...

"இன்னும் ஆறலை" என்றேன்.

அவர் தலையசைத்தார். "சரி மதினி. நான் கேட்டதா சொல்லிக்கிட வேண்டாம்."

சொல்லவில்லை. இந்தப் பொய்யை நான் அழுகிறவருக்காகச் சொல்லவில்லை. எனக்காகச் சொன்னேன்.

நீங்கள் நினைப்பதுபோல் நான் நொந்து கிடக்கவில்லை. நாங்கள் நன்றாகவே வாழ்கிறோம். இப்போது செம்பூரில் வீடு. பின்னால் இரண்டு தென்னைகள். மாலையில் பால்கனியில் இரண்டு நாற்காலிகளைப் போட்டு உட்காருவோம். எனக்கு ஒரு குறையும் இல்லை. இவ்வளவு நிறைவு எனக்குத் தகுமா என்று மட்டும் சில சமயம் கேட்டுக்கொள்வேன்.

சென்ற வாரம் அப்படி உட்கார்ந்திருந்தபோது அவர் சொன்னார்: "என் ஆயுசுல நான் விரட்டினது அந்த ஒருத்தனைத்தான் லலிதா."

"நீங்க விரட்டலை" என்றேன்.

சமாதானம் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். சிரித்தபடி என் கையைப் பற்றினார். மேலே சொல்ல வாயெடுத்தேன்... அதற்குள் அவர் கண்ணயர்ந்திருந்தார். நான் கையை விலக்கவில்லை. எழுப்பவும் இல்லை.