தொட்டியில் லாரித் தண்ணீர்

விற்கிற வீட்டைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள் என்று நேற்று சுவருக்கு வெள்ளையடித்தேன். கிணறு உப்பு என்று தெரியாமலிருக்க, மாடித் தொட்டியில் லாரித் தண்ணீரை நிரப்பினேன்.

இன்று காலை கீழக்கரையிலிருந்து ஒரு தங்கச்சி வந்தது. பெருமையாகக் குழாயைத் திறந்துவிட்டேன்.

"குடிச்சுப் பாரு தாயி, இளநி மாதிரி இருக்கும்!"

கையில் ஏந்திக் குடித்தவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அல்லாவே! இந்தத் தண்ணிக்காகத்தாண்ணே வீடு தேடி அலையிறோம். எங்கம்மா குடம் தூக்கியே இடுப்பொடிஞ்சு கெடக்கு."

ஊரையே கிண்டலடிக்கிற வாய் எனக்கு. அதற்கு மேல் பொய் வரவில்லை.

"தாயி, இது லாரித் தண்ணி. நம்ம கெணறு உப்பு" என்றேன்.

அவள் திட்டவில்லை. குழாயை இறுக்கி மூடினாள்.

"அப்ப எதுக்குண்ணே வீணாத் தொறந்து விடுறீங்க?"

இன்னும் எனக்குத் தலை நிமிரவில்லை.

வீடு விற்பனைக்கு இருக்கிறது, தண்ணீர் உப்பு. என்னைக் கிண்டலடிக்க வருகிறவர்கள் ஆளுக்கொரு குடம் நல்ல தண்ணீரோடு வாருங்கள்.