வீங்கிய கன்னத்தோடு மூன்று பிரெஞ்சு வகுப்புகள்

கீழ்க் கடைவாயில் சாய்ந்து முளைத்திருந்த ஞானப்பல்லை ஒரு வியாழக்கிழமை காலை எடுத்தார்கள். புதுச்சேரி உப்பளத்துப் பல் டாக்டரம்மா கைதேர்ந்தவர். ஊசி போட்டு, அரை மணியில் தையல் வரைக்கும் முடித்துவிட்டார். பஞ்சைக் கடித்தபடி எழுந்தபோது எனக்கு வலி என்பதே இல்லை.

"வலி இல்லன்னு மாத்திரைய விட்டுடாதீங்க. மரமரப்பு தெளியறதுக்குள்ள போட்டுடணும். இன்னிக்கு ஐஸ் ஒத்தடம்தான். கொப்பளிக்கக் கூடாது, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாது. மூணாவது நாள் வீக்கம் ஜாஸ்தியா தெரியும், பயந்துடாதீங்க" என்றார்.

நன்றாகத் தலையாட்டினேன். நெல்லித்தோப்பு வீட்டுக்கு வந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டேன், துணி மடித்தேன், இதற்கா ஒரு வருடம் பயந்தோம் என்று நினைத்துக்கொண்டேன். மாத்திரை கைப்பையிலேயே கிடந்தது. மூன்று மணிக்கு மரமரப்பு தெளிந்தது. காதிலிருந்து கழுத்து வரை விண்விண்ணென்று தெறிக்க ஆரம்பித்தது. கணவர் பதறிப்போய் வெந்நீர்ப் பையைக் கொண்டுவந்து கன்னத்தில் வைத்தார். இதமாகத்தான் இருந்தது.

அந்த நேரம் பார்த்து மாணவி வந்துவிட்டார். நான் வீட்டில் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறேன். இவருக்கு என்னைவிட ஏழெட்டு வயது கூடுதல். துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பம். கணவர் பிரான்சில் வேலை பார்க்கிறார். அவரோடு போய்ச் சேர்வதற்காகப் படிக்கிறார். வருகிற திங்கட்கிழமை வாய்மொழித் தேர்வு. எழுதச் சொன்னால் ஒரு பிழை இருக்காது. பேசச் சொன்னால் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார். ஆறு மாத வகுப்பில் பேசியதெல்லாம் நான்தான்.

வந்தவர் வெந்நீர்ப் பையைப் பிடுங்கினார்.

"பல்லு எடுத்த அன்னிக்கே சூடு வைப்பாங்களா? வீக்கம் ஏறிடும் டீச்சர்! போன வருஷம் நான் பட்டுட்டேன்." என் கணவரைப் பார்த்து, "தம்பி, ஐஸ துணியில சுத்திக் குடுங்க. மாத்திரை எங்க?" என்றார்.

மாத்திரை விழுங்கினேன். தலைக்கு இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்துகொண்டேன். பத்து நிமிடம் ஐஸ், பத்து நிமிடம் ஓய்வு என்று அவரே போனில் மணி வைத்தார். பாடத்துக்கு என்ன செய்வது? நோட்டில் எழுதிக் காட்டினேன்: 'அக்கா, உங்க பல்லு எடுத்த கதைய பிரெஞ்சுல சொல்லுங்க.'

துப்பட்டா வாய்க்குப் போனது. நான் என் கன்னத்தைத் தொட்டுக் காட்டினேன். வேறு வழியில்லை என்று அவருக்கும் புரிந்தது.

"ஜே மால் ஓ தாந்" என்று தொடங்கினார். எனக்குப் பல் வலி. அடுத்த வாக்கியத்துக்கு வெகுநேரம் ஆனது. வினைச்சொல்லின் காலம் தவறும்போது நான் விரலை உயர்த்துவேன். அவரே யோசித்துத் திருத்திக்கொள்வார். மூன்றாவது தடவை ஐஸ் வைப்பதற்குள் கதையில் அவருடைய பல் வெளியே வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை முதல் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை வாயில் வைத்து மெல்லச் சாய்த்துத் துப்பினேன். சனிக்கிழமை கன்னம் எலுமிச்சம்பழத்தை ஒதுக்கிக்கொண்டது போல ஆகிவிட்டது. டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்ததால் கலங்கவில்லை. அக்கா ஆறவைத்த கஞ்சியோடு வந்தார். அன்றைக்கு, ஞாயிற்றுச் சந்தையில் தன் நாத்தனார் ஒரு செருப்புக்காரரிடம் பேரம் பேசிய கதையை பிரெஞ்சிலேயே நடித்துக் காட்டினார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை, தையல் இழுத்தது. போதும் என்று கைகூப்பினேன். அவர் நிறுத்துவதாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வீக்கம் இறங்கத் தொடங்கியது; அன்றைய மூன்றாவது வகுப்பிலும் பேசியது அக்காதான். திங்கட்கிழமை மத்தியானம் போன் வந்தது.

"டீச்சர், வீட்ட பத்தி கேட்டாங்க. நான் பேசிக்கிட்டே இருந்துட்டேன். பரீட்சை வச்ச அந்தம்மாவே போதும்னு கையக் காட்டிட்டாங்க!"

என் வாய் அப்போது பாதிதான் திறந்தது. அதில் எவ்வளவு சத்தம் வருமோ அவ்வளவு சத்தமாக 'பிராவோ' என்று கத்தினேன்.