கவிழ்க்காத தட்டு

திருவொற்றியூர்க் குப்பத்தில் பச்சையம்மா வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கடலுக்குப் போனவன் சாப்பிடும் தட்டை அவன் திரும்பும்வரை கவிழ்க்க மாட்டார்கள். தினமும் கழுவி நிமிர்த்தியே வைப்பார்கள். கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மருமகள் ரேகாவும் எட்டு மாதமாக அப்படித்தான் வைக்கிறாள். அவள் புருஷன் தீபன் நிலக்கரிக் கப்பலில் மாலுமி.

வியாழக்கிழமை கப்பல் எண்ணூருக்கு வருகிறது, ஒரு பகல் வீட்டுக்கு வரலாம் என்றிருந்தான். அந்த ஒரு பகலுக்காக ரேகா லீவு கேட்டாள். கையிலிருக்கும் கோளாறை முடித்துவிட்டுப் போ என்றார் மேலாளர் எபினேசர்.

கோளாறு, கம்ப்யூட்டர்களை இணைக்கும் ஒரு நெட்வொர்க் ஸ்விட்சில். அது இருந்த கன்டெய்னர் யார்டில் லாரி அதிர்வுக்கு அடிக்கடி கேபிள் கழன்று கொள்ளும். மறுபடி மாட்டும்போதெல்லாம் ஸ்விட்சை இயக்கும் டிரைவர் மென்பொருள் மெமரியில் புது இடம் பிடித்தது. பழைய இடத்தையும் விடவில்லை. பத்து நாளில் மெமரி நிரம்பி ஸ்விட்ச் படுத்துவிடும்.

இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு தேடினால், கோளாறான புரோகிராம் வரிகளை எழுதிய புண்ணியவதி ரேகாவேதான். தேதியைப் பார்த்தாள். தீபன் கப்பலேறிய வாரம்.

கேபிள் கழன்றதும் இடத்தை விடும்படி மாற்றினாள். உடனே ஸ்விட்ச் விழுந்தது. வழியிலிருந்த தகவலுக்கு இறங்க இடமில்லை. புது வரவை நிறுத்தி, வழியில் இருப்பது வந்து சேரும்வரை காத்திருந்து, அப்புறம் விடும்படி எழுதினாள். புதன் சாயங்காலம் எல்லாச் சோதனையும் தேறியது.

"இத ஏம்மா விடாமப் பிடிச்சு வச்சிருந்தே?" என்றார் எபினேசர்.

"திரும்பி வரும்னுதான் சார்."

அவர் சிரித்துவிட்டு லீவு கொடுத்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

தண்டையார்பேட்டை தாண்டும்போது பஸ்ஸில் போன் வந்தது.

"ரேகா, கப்பல ஒரிசா பக்கம் பாராதீப்புக்குத் திருப்பிட்டாங்கோ. எண்ணூரு வரல," என்றான் தீபன்.

"சரி."

"அழுவாத."

"அழுவல," என்றாள், அழுதுகொண்டே.

வீட்டு வாசலிலேயே பச்சையம்மா கேட்டாள். "வஞ்சிரம் சொல்லி வெச்சிக்கீறேன்மா. காலைலயே வந்துடுவானா?"

"வரல அத்தே."

பச்சையம்மா மீன் வேண்டாமென்று சொல்லிவிட்டு வரக் கிளம்பினாள்.

ரேகா அலமாரியிலிருந்து தீபன் தட்டை எடுத்துக் கழுவினாள். போனதும் விட்டுவிடு, வந்தால் புதிதாகப் பிடி என்றுதான் ஆபீசில் எழுதிக் கொடுத்திருந்தாள். ஸ்விட்சுக்கு அது சரி. ஈரம் போகத் துடைத்து, தட்டை நிமிர்த்தியே வைத்தாள்.