பிறிஜெற்றின் குரல்

கொச்சிக்கடையில் பிறந்து வளர்ந்த பிறிஜெற்றுக்குப் பாட வராது. கோயில் பாடகர் குழுவில் சேரப் போனபோது சுருதி நிற்கவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆனால் அவள் பேசினால் யாரும் நின்று கேட்பார்கள். கொழும்புப் பல்கலைக்கழகம் ஒன்றின் கணினிக்கூடத்தில், மாணவர்களுக்கு உதவும் மேசையில் அவளை உட்கார வைத்ததற்கும் அதுதான் காரணம். கடவுச்சொல்லை மறந்தவர்கள், பென்டிரைவில் வைரஸ் ஏறி ஒப்படை முழுக்க அழிந்துபோய் அழுகிறவர்கள், பிரிண்டர் தாளை விழுங்கிவிட்டது என்று ஓடிவருகிறவர்கள் எல்லோருக்கும் அவளிடம் ஒரே மருந்து.

“பதறாதீங்க. இப்ப ஸ்கிரீன்ல என்ன தெரியுது, அத மட்டும் சொல்லுங்க.”

அதிலேயே பாதிப் பதற்றம் அடங்கிவிடும்.

யுத்தம் முடிந்த மறுவருடம், கண் தெரியாத மாணவர்களுக்கென்று கூடத்தின் ஒரு மூலையில் சில கணினிகளை ஒதுக்கினார்கள். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள் ஆங்கிலத்தை நன்றாகவே வாசித்தது. தமிழை வாசிக்கும்போது தகரப் பேணிக்குள்ளிருந்து யாரோ கத்துவது போலிருந்தது. விரிவுரையாளர் ஞானசம்பந்தம் நல்லதொரு தமிழ்க் குரலைத் தானே செய்வதென்று முடிவெடுத்தார். ஒரு மனுஷரின் பேச்சைப் பதிந்து, ஒலி ஒலியாக வெட்டி வைத்துக்கொண்டால், கணினி அவற்றை ஒட்டி எந்த வசனத்தையும் சொல்லும். யாருடைய பேச்சு என்று அவர் யோசிக்கவேயில்லை. நேராகப் பிறிஜெற்றிடம் வந்தார்.

விடுமுறை நாட்களில், பழைய மொனிட்டர்கள் அடுக்கிய சாமான் அறையில் பதிவு நடந்தது. சுவரெல்லாம் மெத்தை சாத்தி, மின்விசிறியையும் நிறுத்திவிட்டார்கள். வாசிக்கக் கொடுத்தவை எல்லா ஒலியும் அகப்பட வேண்டும் என்பதற்காகக் கட்டிய வசனங்கள். அவற்றில் அர்த்தம் கிடையாது. ‘ஞமலியின் நிழலை ஊஞ்சல் விழுங்கிற்று’ என்றெல்லாம் இருந்தது.

“கோபம், சிரிப்பு, கவலை ஒண்டும் வேணாம். வெறுமையா வாசிங்க, பிறிஜெற்.”

“செத்த ஆள் வாசிக்கிற மாதிரியா, சேர்?”

ஞானசம்பந்தம் சிரித்தார். “ஓம், அப்பிடியே வச்சுக்கொள்ளுங்களன்.”

தவணை தொடங்கியதும் குரல் கணினிகளில் ஏறியது. அன்று பிறிஜெற் தேநீர் குடித்துவிட்டு நடைவழியால் வந்துகொண்டிருந்தாள். கூடத்துக்குள் அவள் பேசிக்கொண்டிருந்தாள். அவள் கேள்விப்பட்டே இராத ஏதோ ஒரு சட்டப்பிரிவை, தடுமாற்றமில்லாமல், மூச்சு வாங்காமல் சொல்லிக்கொண்டிருந்தாள். தான் ஏற்கெனவே உள்ளே இருக்கும்போது எப்படி நுழைவது என்று வாசலில் அவளுக்குக் கால் ஓடவில்லை.

நாளாக நாளாகப் பழகிவிடும் என்று நினைத்தாள். பழகவில்லை. மூச்சு வாங்காததுதான் அவளைப் பயமுறுத்தியது. ஆனாலும் பிள்ளைகளுக்கு அந்தக் குரல் பிடித்திருந்தது. எல்லோரையும்விட ஸவாஹிருக்கு. வெள்ளவத்தையில் மாமா வீட்டில் தங்கிப் படித்த இரண்டாம் வருட மாணவன் அவன், பிறவியிலேயே பார்வையில்லை. தினமும் முதல் ஆளாக வந்து, “மிஸ், நீங்க ஒரு ஆள்தான் ரெண்டு எடத்துல இரிக்கீங்க” என்று பகிடி சொல்லிவிட்டுத்தான் உட்காருவான்.

ஒரு மத்தியானம் அவனுடைய ஹெட்போன் வயர் கழன்றுவிட்டது. சத்தம் ஸ்பீக்கரால் வந்தது. ஷபீகா என்ற பெண் அவனுக்கு எழுதிய மின்னஞ்சலைக் குரல் வாசித்துக்கொண்டிருந்தது.

“கண் தெரியாத ஆளோட வாழ ஏலாது எண்டு உம்மா சொல்றா. எனக்கும் இப்ப அப்பிடித்தான் படுது. இனி எனக்கு எழுத வேணாம்.”

கூடம் முழுக்க ஸவாஹிரைப் பார்த்தது; பிறகு பிறிஜெற்றைப் பார்த்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். வயரைத் தேடித் தடவிய அவனுடைய கை மேசையில் அங்குமிங்கும் அலைந்தது. அவள் ஓடிப்போய்ச் செருகிவிட்டு, “ஸவாஹிர்…” என்றாள். அவன் முகத்தைச் சட்டென்று மறுபக்கம் திருப்பிக்கொண்டான்.

அதன்பிறகு அவன் அவளோடு கதைக்கவில்லை. ஏதாவது கேட்க வேண்டுமென்றால் பக்கத்துப் பிள்ளையை அனுப்பினான். கடைசியில் அவளே போய்க் கேட்டாள்.

“என்னோட கோவமா?”

“கோவமில்ல, மிஸ். நீங்க வாயத் தொறந்தா அவ கதைக்கிற மாதிரி இரிக்கி. திரும்பத் திரும்ப அதையே சொல்ற மாதிரி.”

அவள் தன் மேசைக்குத் திரும்பிப் போனாள். எதைச் சொன்னாலும் அந்தக் குரலில்தானே சொல்ல வேண்டும்.

அந்த வருடக் கடைசியில் கழுத்தில் இருந்த கட்டியை அகற்றுவதற்கு அவளுக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. குரல் நரம்பு பழுதுபடலாம் என்று முன்னமே சொல்லியிருந்தார்கள். அதுவே நடந்தது. கண் விழித்து, தண்ணீர் கேட்க வாயைத் திறந்தபோது காற்றுத்தான் வந்தது. மாதங்கள் போயும் ஒரு கரகரத்த கிசுகிசுப்புக்கு மேல் எதுவும் திரும்பவில்லை.

வேலைக்குத் திரும்பி வந்த முதல் நாள், வாசலிலேயே அவளுடைய பழைய குரல் அவளை எதிர்கொண்டது. யாரோ வரலாற்றுப் பாடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். குரலுக்கு ஒரு குறையுமில்லை. கண்ணாடிக் கதவில் தன் உருவத்தைக் கண்ட பிறிஜெற் திடுக்கிட்டாள். அவளுடைய உதடுகள் அந்தக் குரலுக்குச் சரியாக அசைந்துகொண்டிருந்தன. அவள் அசைக்கவில்லை. பல்லைக் கடித்து நிறுத்தினாள்.

“ஆரு அங்க?” என்று ஸவாஹிர் கேட்டான்.

“பிறிஜெற்” என்றாள். மூச்சில் எழுந்த சத்தம் அது.

அவன் நம்பவில்லை. எழுந்து வந்து கையை நீட்டினான். அவள் தன் கையைக் கொடுத்தாள். அவன் விரல்கள் அவளுடைய மோதிரத்தையும் செபமாலை வளையத்தையும் தடவித் தெரிந்துகொண்டன.

“மிஸ், குரலுக்கு என்ன நடந்த?”

அவள் சொல்லச் சொல்ல அவன் காதைக் கிட்டக் கொண்டுவந்து கேட்டான். அன்று வெகுநேரம் அவர்கள் கதைத்தார்கள். போகும்போது அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். “சொல்லப்படாதுதான், மிஸ். இப்பதான் ஒங்களோட கதைக்க ஏலுமா இரிக்கி.”

அவளுக்கு அழுகையும் வந்தது, ஆறுதலும் வந்தது.

கணினிகளிலிருந்து குரலை எடுத்துவிடவா என்று ஞானசம்பந்தம் கேட்டார். வேண்டாம் என்று அவள் தலையாட்டினாள். பிள்ளைகள் அதை வைத்துத்தான் படிக்கிறார்கள். ஆனால் மேசையைக் கூடத்திலிருந்து தள்ளி, சேர்வர் அறைக்குப் பக்கத்தில் போட்டுத் தரும்படி கேட்டுக்கொண்டாள். மாணவர்கள் பிரச்சினைகளை எழுதி அனுப்பினார்கள். அவளும் எழுத்திலேயே பதில் சொன்னாள். ஸவாஹிர் பட்டம் வாங்கி ஆசிரியரானான். குரல் பிரதி பிரதியாக வேறு ஊர்களுக்கும் தொலைபேசிகளுக்கும் போனது. எவ்வளவு தூரம் போனதென்று ஞானசம்பந்தத்துக்கே தெரியவில்லை.

சில வருடங்களுக்குப் பிறகு, ஒரு காலை, வெள்ளவத்தைக்கு உடுப்புத் துணி எடுக்கப் போக பஸ்ஸில் ஏறினாள். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு மனிதர் ஜன்னலோரம் இருந்தார். கையில் போன். அதிலிருந்து குரல் வந்தது.

“பயப்பட வேணாம். நான் உங்களுக்குப் பக்கத்திலதான் இருக்கிறன்.”

யாரோ அவருக்கு அனுப்பிய செய்தி. அவர் புன்னகைத்தபடி அதை மறுபடி வாசிக்க வைத்தார். மறுபடியும் வைத்தார். பக்கத்து இருக்கையில் பிறிஜெற் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அவர் மெல்ல அவள் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

“ஆராவது இருக்கிறீங்களோ?”

“ஓம்” என்றாள் அவள். காலி வீதி நெரிசலின் ஹோர்ன் சத்தத்தில் அது அவருக்குக் கேட்கவில்லை. சிறிதுநேரம் காத்திருந்தவர், திரும்பவும் போனைக் காதில் வைத்துக்கொண்டார்.