மூன்றாவது கியர்

எழுபதுகளின் கடைசி. மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில், பஸ் போகும் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருந்தது எங்கள் தோட்டம். என் கணவர் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரியோடு ஆந்திராப் பக்கம் போனால் திரும்பி வர மாதக் கணக்காகும். இரண்டு குழந்தைகளோடு நான் அங்கே தனியாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, என் அப்பா தன்னுடைய கறுப்பு பியட் காரை எங்களுக்கே கொடுத்துவிட்டார். அவர் துடைக்கிற துணியைக்கூட வேறு யாரும் தொட முடியாது, அப்படி வைத்திருந்த வண்டி. என்னைப் பெண் கேட்டு வந்தபோது அரை நாளில் சரி சொன்னவர், சாவியைக் கொடுக்க ஒரு வாரம் எடுத்துக்கொண்டார்.

கார் வந்தது, என் கணவர் ஊரில் இல்லாதபோது ஓட்டத்தான் ஆளில்லை. அப்போதுதான் அந்த மெக்கானிக் எங்கள் வீட்டுக்குள் வந்தார். டவுனில் சின்னதாகப் பட்டறை வைத்திருந்தார், எனக்குப் பத்து வயது மூத்தவர். டைனமோவை மாற்றிவிடச் சொல்லி என் கணவர் வண்டியைக் கொண்டுபோய் விட்டார். மெக்கானிக் அதைப் பிரித்துப் பார்த்து, துடைத்து, அதையே திரும்பப் பூட்டி, இது இன்னும் நாலு வருசம் ஓடும் என்று அனுப்பிவிட்டார். கூலிகூட வாங்கவில்லை. இப்படியும் ஒரு மனுஷனா என்று என் கணவர் ஊரெல்லாம் சொன்னார். அதன் பிறகு அவருக்கு எங்கள் வீட்டில் இலை போடாமல் அனுப்பியதில்லை.

எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். தண்ணீர் வற்றிய ஏரிக்குள் வண்டியை இறக்கி, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருவார். ஸ்டியரிங்குக்குக் கீழேயே கியர் இருக்கும் பழைய மாடல். நான் பயந்து பயந்து போட்டால், "அம்மிணி, வண்டிக்கு நீங்க பயப்படக் கூடாதுங்க, வண்டிதான் உங்களுக்குப் பயப்படோணும்" என்பார். நல்ல வாத்தியார். அதை இன்றைக்கும் மறுக்க மாட்டேன்.

அப்புறம் ஒரு வருடம் நான்தான் ராணி. குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவேன், திருச்செங்கோட்டுக்குப் போய் மோட்டாருக்குச் சாமான் வாங்கி வருவேன். டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து நின்று பார்ப்பார்கள். எதையும் கவனிக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு போவேன். உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம்.

அவர் பட்டறையில் சர்வீஸ் முடிந்து வந்த ஒரு வாரத்தில், மூன்றாவது கியர் தானாகக் கழன்றுகொள்ள ஆரம்பித்தது. போட்டால் நிற்காது. மெக்கானிக் வண்டிக்கு அடியில் வெகுநேரம் படுத்துக் கிடந்துவிட்டு எழுந்து வந்தார்.

"கியர்பாக்ஸ்ல பல்லு தேஞ்சு போச்சுங்க அம்மிணி. புதுசாக் கத்துக்கறவங்க எல்லாரும் இப்படித்தானுங்க போடுவாங்க. உங்களக் குத்தஞ் சொல்லலீங்க."

குற்றம் சொல்லவில்லை என்று அவர் சொன்ன நிமிடத்திலிருந்து குற்றம் என் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. பழைய மாடலுக்கு நல்ல கியர்பாக்ஸ் கிடைக்காது, கிடைத்ததைப் போட்டால் நிலைக்காது, உள்ளே குழந்தைகள் வேறு உட்கார்ந்து வருகிறார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ஊருக்கு வந்த என் கணவர் திட்டவில்லை, "போச்சாது உடு" என்று தேற்றினார். அப்பா எதுவுமே கேட்கவில்லை. இரண்டு பேரும் நாலு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆத்தூரில் ஒரு பார்ட்டி இருக்கிறது, இருக்கிற நிலையிலேயே எடுத்துக்கொள்ளும் என்றார் மெக்கானிக். அப்பா கொடுத்த வண்டியை விற்க எனக்கு மனசு வரவில்லை. எங்கள் பக்க வழக்கப்படி கோவிலில் பூக் கேட்டோம். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுத்துப் பார்ப்பது. வெள்ளை வந்தால் சம்மதம். காரை விற்கலாமா என்று கேட்டோம், வெள்ளை வந்தது. கார் நிஜமாகவே கெட்டுப்போனதா என்று கேட்க எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. சாமியைச் சொல்லி என்ன, கேட்டதற்குத்தானே பதில் வரும்.

பழைய இரும்பு விலைக்குத்தான் போனது. மெக்கானிக் கண் கலங்கி, கதவைத் தடவிக் கொடுத்து, அவரே ஓட்டிக்கொண்டு போனார். நான் அவருக்கு ஆறுதல் சொல்லி அனுப்பினேன்.

சில வருடங்கள் போயின. மகளை நாமக்கல்லில் ஹாஸ்டலில் சேர்த்துவிட்டுத் திரும்பும்போது பஸ் தவறிவிட்டது. என் கணவர் ஒரு வாடகைக் காரைப் பேசினார். வெள்ளை பியட். பின்கதவைச் சாத்தும்போது என் கை தானாகக் கதவைக் கொஞ்சம் மேலே தூக்கிச் சாத்தியது. அப்பா காரின் கதவை அப்படித்தான் சாத்த வேண்டும். நிமிர்ந்து பார்த்தேன். முன்னால் டேஷ்போர்டில், அப்பா வெண்கல வேல் ஒன்றைத் திருகி வைத்திருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள். வெள்ளைப் பெயிண்டுக்கு அடியில் இருந்தது அப்பாவின் கறுப்பு வண்டிதான்.

வண்டி நன்றாக ஓடுகிறதே, யாருடையது என்று டிரைவரிடம் கேட்டேன்.

"எங்க ஓனரு மெக்கானிக்குங்க. யாரோ தோட்டத்துக்காரரு கியர்பாக்ஸ் போச்சுன்னு குடுத்துட்டாராம். கீழ லீவர்ல ஒரு நட்டு லூசா இருந்துச்சு, முறுக்கி உட்டதோட செரி, இன்னைக்கு வரைக்கும் பிரிச்சதே இல்லைன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாருங்க."

முன்சீட்டில் இருந்த என் கணவர் சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தார். எனக்கு முதலில் கோபம் வரவில்லை. நான் கெடுக்கவில்லை, நான் கெடுக்கவில்லை என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. ஊர் வந்து சேரும்வரை அந்த மூன்றாவது கியரின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தேன். அவ்வளவு சுத்தமாக இருந்தது. இதைத் தெரிந்துகொள்ளாமலே அப்பா போய்ச் சேர்ந்திருந்தார்.

மறுநாள் என் கணவர் நியாயம் கேட்கப் போனார். நீங்க வித்த வண்டி, ஆத்தூர் பார்ட்டிகிட்ட நான் வாங்கினேன், இதில் என்ன தப்பு என்று கேட்டாராம் மெக்கானிக். கூடவே கலர் சோடாவும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். என் கணவர் அதைக் குடித்துவிட்டும் வந்திருக்கிறார்.

பிறகு நாங்கள் ஒரு அம்பாசிடர் வாங்கினோம். என் கணவரே சாவியை என்னிடம் நீட்டி ஓட்டச் சொன்னார். உட்கார்ந்தேன், கிளப்பினேன், இரண்டாவது கியர் வரைக்கும் போனேன். மூன்றாவதுக்குத் தள்ள வேண்டிய இடத்தில் கை நின்றுவிட்டது. தப்பு என்னுடையது இல்லை என்று எனக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை. ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கி, பின்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

கார் போனதை நான் எப்போதோ விட்டுவிட்டேன், ஆனால் நன்றாக ஓட்டிக்கொண்டிருந்த ஒருத்தியை அவளே நம்பாதபடி செய்துவிட்டுப் போனாரே, அதற்காக மட்டும் அந்த மனுஷனை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.