சளி மாத்திரையும் நூற்று எண்பத்தைந்தாம் பிரிவும்

வடசென்னையில் வக்கீல் தொழில் செய்கிற எனக்கு, குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்குகள் புதிதல்ல. எங்கள் நீதிமன்ற வளாகத்தில் அதற்கு ‘டிடி கேஸ்’ என்று பெயர். வருகிறவர்கள் முகம் கழுவி, தலை சீவி வந்து நிற்பார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டுப் போவார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் அந்த நூற்று எண்பத்தைந்தாம் பிரிவை நான் முழுதாக உட்கார்ந்து படித்தது, என் அக்கா வீட்டுக்காரர் மேல் அதே பிரிவில் வழக்கு வந்தபோதுதான்.

மாமா மணலியில் டேங்கர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். குடிக்காதவர். ராயபுரத்தில் எங்கள் தெருவில் அதைச் சொல்லித்தான் அவரை அடையாளம் காட்டுவார்கள்.

அன்று காலை அவருக்குச் சளியும் காய்ச்சலும். மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு, லோடு ஏற்றுவதற்காகக் காலி டேங்கரை எடுத்தார். எண்ணூர் விரைவுச் சாலையில் வண்டி கொஞ்சம் கொஞ்சமாக இடது பக்கம் ஒதுங்கியது. ஓரத்தில் நின்ற மீன் தள்ளுவண்டியை நசுக்கி, மின்கம்பத்தில் முட்டி நின்றது. தள்ளுவண்டிக்காரம்மா அந்த நேரம் எதிரே டீ குடிக்கப் போயிருந்தார்.

போலீஸ்காரர்கள் மாமாவை ஊதச் சொன்னார்கள். கருவி பூஜ்ஜியம் காட்டியது. ஆனால் அவரால் நேராக நிற்க முடியவில்லை, நாக்கு குழறியது. அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய் ரத்தம் எடுத்தார்கள். அதில் சாராயம் இல்லை. சளி மாத்திரையில் சேர்க்கும், தூக்கத்தை வரவழைக்கும் மருந்து மட்டும் இருந்தது.

அந்தப் பிரிவுக்கு இரண்டு பகுதிகள். மதுவைப் பற்றிய முதல் பகுதியில் ஓர் அளவு உண்டு: ரத்தத்தில் இவ்வளவுக்கு மேல் இருந்தால் குற்றம். இரண்டாவது பகுதி மருந்தைப் பற்றியது. அதில் எண் எதுவும் கிடையாது. வண்டியைச் சரியாகக் கட்டுப்படுத்த முடியாத நிலையில் ஓட்டினாரா என்பதுதான் கேள்வி. ஆங்கிலத்தில் அங்கே ‘டிரக்’ என்று இருக்கிறது. அது கஞ்சாவாகவும் இருக்கலாம், மருந்துக் கடை மாத்திரையாகவும் இருக்கலாம். காவல் நிலையத்தில் தமிழில் எழுதியவர் ‘போதைப்பொருள் உட்கொண்டு’ என்று எழுதிவிட்டார்.

அக்கா அதைப் படித்துவிட்டு என் வீட்டுக்கு வந்தாள். மாமாவும் பின்னாலேயே வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

“இன்னாடி இது, போதப்பொருளுன்னு போட்டுகீது? இந்த மனுசன் பீடி கூட புடிச்சதில்ல.”

“சட்டத்துல இருக்கிற வார்த்தைய அப்படி எழுதிட்டாங்க, அக்கா.”

“நம்ம தெருவுல போதப்பொருளுன்னா கஞ்சாதான். குடிச்சிட்டு ஓட்டுனாருன்னு மாத்திப் போடச் சொல்லேன். அத்த யாரு பெருசா எடுத்துக்கப் போறாங்க?”

மாமா அவளை நிமிர்ந்து பார்த்தார். “குடிக்காதவன குடிச்சேன்னு ஒத்துக்கச் சொல்றியா?”

“ஒத்துகினா இன்னா, கொறஞ்சா பூடுவ?”

விரும்பினாலும் அப்படிச் செய்ய முடியாது, கருவி பூஜ்ஜியம் காட்டியிருக்கிறது என்று நான் விளக்கினேன். அக்காவுக்கு அது அநியாயமாகப் பட்டது. குடிக்காமல் இருந்ததே இப்போது இடைஞ்சலாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மாத்திரை தூக்கம் தரும் என்று அவருக்குத் தெரியாது என்பதை வைத்துத்தான் நான் வாதத்தைத் தயாரித்தேன். கடைக்காரர் ஏதாவது சொன்னாரா என்று மாமாவிடம் கேட்டிருந்தேன். ஞாபகம் இல்லை என்றார்.

விசாரணை நாளில் மீன்காரம்மா கூண்டில் ஏறினார். ஒடிசலான உடம்பு, உரத்த குரல்.

“டீக்கடையிலேர்ந்து பாத்துகினே இருந்தேன். அவரு கண்ணு தொறந்துதான் இருந்துச்சு, ஆனா பார்வ ரோட்டுல இல்ல. கத்துனேன், கேக்கல.”

சாராய வாடை அடித்ததா என்று நான் குறுக்கு விசாரணையில் கேட்டேன்.

“இல்ல. கிட்டப் போயி கன்னத்துல ஒன்னு வுட்டேன். அப்பக் கூட எம்மூஞ்சியப் பாத்துகினே குந்திகினு இருந்தாரு.”

சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. “டீ குடிக்கப் போவாம அங்கயே நின்னுகினு இருந்திருந்தா நான் இன்னிக்கு இங்க வந்திருக்க மாட்டேன்,” என்றார். அரசு வக்கீல், போதும், இறங்குங்கள் என்றார்.

சாட்சிகள் முடிந்ததும் நீதிபதி மாமாவைக் கேட்டார். நடுத்தர வயதுப் பெண்மணி, குரலை உயர்த்தாதவர். “அந்த மாத்திரை போட்டா தூக்கம் வரும்னு உங்களுக்குத் தெரியுமா?”

மாமா என் பக்கம் திரும்பவே இல்லை. மீன்காரம்மா உட்கார்ந்திருந்த பெஞ்சைப் பார்த்தார்.

“தெரியும்மா. வண்டி ஓட்டாதன்னு கடக்காரரு சொன்னாரு. நான் எடுக்கலன்னா வண்டிய வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்கன்னு எடுத்துகினு போய்ட்டேன்.”

நான் பேனாவை மூடி வைத்தேன். கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. வழக்கு முடிந்துவிட்டது என்று மட்டும் தோன்றியது.

மிச்சம் இருந்தது ஒரு சொல்தான். எழுந்து அதைக் கேட்டேன். உட்கொண்டது மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரை என்பதில் அரசுத் தரப்புக்கும் மறுப்பில்லை, ஆகவே தீர்ப்பில் ‘போதைப்பொருள்’ என்று வர வேண்டாம் என்றேன். நீதிபதி சற்று யோசித்து, சரி என்றார். ‘மருந்தின் தாக்கத்தால் வாகனத்தைக் கட்டுப்படுத்த இயலாத நிலையில்’ என்று தீர்ப்பில் வந்தது. குற்றவாளி, அபராதம், ஆறு மாதம் ஓட்டுநர் உரிமம் ரத்து.

வெளியே வேப்பமர நிழலில் மாமா மீன்காரம்மாவிடம் போய் நின்றார். கைகூப்பினார். அந்த அம்மா அவர் கையை விலக்கிவிட்டார்.

“வுடு நைனா. ஒடம்பு முடியலன்னா வூட்ல படு. வண்டி எங்க ஓடிப்பூடப் போவுது?”

வண்டி ஓடித்தான் போனது. உரிமம் திரும்ப வருவதற்குள் முதலாளி டேங்கரை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார். தெருவில் கேட்டவர்களிடம் அக்கா, அன்றைக்கு ஏதோ கொஞ்சம் குடித்துவிட்டார் என்று சொல்லி வைத்தாள். மாமா காதிலும் அது விழுந்திருக்கிறது. அவர் மறுத்ததாக நான் கேள்விப்படவில்லை. இப்போது சடையங்குப்பம் பக்கம் தண்ணீர் லாரி ஓட்டுகிறார்.