புகைக்கு ஒரு வெல்லக்கட்டி

அம்பத்தூர் எஸ்டேட் வளைவில் எங்கள் பேருந்து நின்றுவிடுகிறது. முன்னால் சாலை மறியல். புகையைக் காரணம் காட்டி அரசு இழுத்து மூடிய இரும்பு ஃபவுண்டரியைத் திறக்கச் சொல்லி, அதன் தொழிலாளர்கள் தார் ரோட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். கோஷத்தின் நடுவே பாதிப் பேர் இருமுகிறார்கள்.

நான் போய்க்கொண்டிருப்பது பூமி சூடாவதைப் பற்றிய கருத்தரங்குக்கு. இறங்கி, டீக்கடை நிழலில் நிற்கும் அவர்களுடைய தொழிற்சங்கச் செயலாளரிடம் அதைச் சொல்லிவிட்டுக் கேட்கிறேன்: "உங்க நெஞ்சைக் கெடுத்த புகைக்காகவா மறியல்?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்.

"இன்னா சார் பேசுற? உன் கூட்டத்துக்கு எங்கள்ல ஒருத்தனயாவது கூப்ட்டீங்களா? சிம்னிக்கு ஃபில்டர் வைன்னு வருஷா வருஷம் நாங்கதான் கேட்டுகினு கெடந்தோம். மொதலாளி அதுக்கு பதிலா ஆளுக்கு தெனம் ஒரு வெல்லக்கட்டி குடுத்தாரு, தின்னா நெஞ்சுல தூசி தங்காதுன்னு. அதையே ஜெயிச்சிட்டோம்னு நாங்களும் வெடி வெடிச்சோம்."

"இப்ப?"

"இப்ப கும்மிடிப்பூண்டியாண்ட புது ஃபவுண்டரி கட்டிகிறாரு. அங்க ஃபில்டர் கீது. ஆளுங்க புதுசு. சங்கம் கெடையாது."

போலீஸ் வேன் வந்து எல்லோரையும் ஏற்றுகிறது. படியில் கால் வைக்கும்போது செயலாளருக்கு இருமல் வருகிறது. சட்டைப் பையில் துழாவி ஒரு வெல்லத் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறார். உலை அணைந்து மாதக்கணக்காகிறது. இருமல் மட்டும் தவறாமல் ஷிப்டுக்கு வந்துகொண்டிருக்கிறது.